எண்ணாமல் விட்ட சொத்து

என்னிடம் வருகிறவர்கள் கேட்க வேண்டியதை மட்டும் கேட்க மாட்டார்கள். ஆபீசுக்கு ஏசி வாங்கினால் எந்தக் கணக்கில் எழுதுவது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா என்று நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் போடுவார்கள். கம்பெனியையே இரண்டாகப் பிரிக்கும்போது மட்டும் போன் வராது. அது குடும்ப விஷயமாம், ஆடிட்டருக்கு அதில் என்ன வேலையாம். எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாப்பாடும் போட்டு முடித்த பிறகு ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்து, "பாத்து முடிச்சுக் குடுத்துடுங்க மேடம்" என்பார்கள். இந்த எரிச்சலோடுதான் இத்தனை வருஷமாகத் தொழில் செய்கிறேன். சரசாம்மா விஷயத்தில் எரிச்சல் போய் அழுகை வந்துவிட்டது.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு செருப்புக்கடைக்கு மேல் என் ஆபீஸ். தேவிப்பிரியா, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று பலகை தொங்கும். நாமக்கல்லிலிருந்து வந்து பட்டாபிராமில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவள் நான். சரசாம்மா அதே பட்டாபிராமில் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டவர். அவருடைய புகுந்த வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் அங்கே நெல் விளைவித்தவர்கள். நிலத்தை விற்று, அண்ணன் தசரதனும் தம்பி சுப்பராயனும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப் தொடங்கினார்கள். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டி, ஸ்கூட்டருக்கு வேண்டிய சின்னச் சின்ன பாகங்கள் செய்கிற இடம். தசரதா ஸ்டாம்பிங்ஸ் பிரைவேட் லிமிடெட் என்று பெயர். பங்கில் நூற்றுக்கு அறுபது அண்ணனுக்கு, நாற்பது தம்பிக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் பிரிந்துகொண்டார்கள். வேப்பம்பட்டில் இருந்த மனைகளெல்லாம் அண்ணனுக்கு, கம்பெனி முழுவதும் தம்பிக்கு. தம்பி சுப்பராயன் போன ஐப்பசியில் இறந்துபோனார். சர்க்கரை முதலில் காலைத் தொட்டது, பிறகு சிறுநீரகத்தைத் தொட்டது. அவர் மனைவி சரசாம்மாதான் இப்போது கம்பெனியை நடத்துகிறார். கணக்கைப் பார்த்துவந்த பழைய ஆடிட்டர் வயதாகித் தொழிலை விட்டதால் இந்த வருஷம் அது என்னிடம் வந்திருந்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் சரசாம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். உட்காரச் சொல்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், பேலன்ஸ் ஷீட்ல டாக்ஸ் சொத்துன்னு ஒன்னு கீதே, அதுல பாதிய எடுத்து எங்க ஊட்டுக்காரரோட அண்ணன், பெரிய மாமாவுக்குக் குடுக்கணும். எப்டி எடுக்கறது?"

"எங்கேருந்து எடுக்கிறது, அக்கா?"

"கவர்மெண்ட்டு கிட்டேருந்துதான். அவங்ககிட்டதானே கீது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதற்காக என்னையே நான் திட்டிக்கொண்டேன். அவர் சொன்னது கேலிக்குரிய விஷயமே இல்லை. பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தில், மெஷினுக்கும் சரக்குக்கும் நடுவில், டெஃபர்டு டாக்ஸ் அசெட் என்று நாற்பத்திரண்டு லட்சம் உட்கார்ந்திருந்தால் யார்தான் அதைப் பணம் என்று நினைக்க மாட்டார்கள்?

என்னால் முடிந்தவரை விளக்கினேன். கொரோனா சமயத்தில் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். அந்த நஷ்டத்தைப் பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. கழித்தால் அப்போது கட்ட வேண்டிய வருமான வரி குறையும். அப்படி நாளைக்குக் குறையப் போகிற வரியை இன்றைக்கே ஒரு சொத்தாக எழுதிவைப்பதுதான் இது. லாபம் வந்தே தீரும் என்று கையில் கெட்டியான ஆதாரம் இருந்தால்தான் எழுதலாம். பழைய ஆடிட்டரிடம் ஆதாரம் இருந்தது. பேட்டரி ஸ்கூட்டர் செய்கிற கம்பெனி ஒன்று அஞ்சு வருஷத்துக்கு ஆர்டர் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தது.

"அப்ப லாபம் வந்தா உண்டுதானே?" என்றார் சரசாம்மா.

"உண்டு."

"இந்த வருசம் லாபம் வந்துக்கீதே."

வந்துதான் இருந்தது. அந்த ஆர்டர் சூடுபிடித்து, முதல் லாபம் இந்த வருஷம்தான். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

"அப்ப அது சொத்துதான். பாதி மாமாவோடது. எடுக்க முடியாதுன்னா போவுது, ரெண்டு பெரிய பிரஸ்ஸ வித்துக் குடுத்துடறேன். திருமுடிவாக்கத்துலேருந்து ஒரு பார்ட்டி வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிக்கீறான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த இரண்டு பிரஸ்ஸில்தான் ஸ்கூட்டர் ஆர்டரே ஓடுகிறது. அவற்றை விற்றால் கம்பெனியில் மிச்சம் இருப்பது கூரையும் டீ போடுகிற அடுப்பும்தான். "உங்களுக்கு என்ன பைத்தியமாக்கா?" என்று கேட்டேவிட்டேன். நான் அப்படித்தான், வாயை அடக்கத் தெரியாது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

அவர்கள் வீட்டு வழக்கப்படி மூத்தவர் பங்கு பிரித்து வைக்க வேண்டும், இளையவர் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கிறவர் ஓரவஞ்சனை செய்யாமல் இருப்பதற்காக யாரோ எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. பங்காளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்க, தசரதன் ஒரு பக்கம் மனைகளையும் இன்னொரு பக்கம் கம்பெனியையும் வைத்து மதிப்புப் போட்டார். பேலன்ஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் இவ்வளவு, சரக்கு இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு, பேங்க் கடன் போக இவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு பங்கும் சரிசமமாக வந்தன. ஆனால் அந்த டாக்ஸ் லைனை மட்டும் அவர் படிக்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு அதைப் பாத்துட்டாரு மேடம். அண்ணனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, உட்டுட்டாருன்னு நெனச்சாரு. சொல்லலாமா வாணாமான்னு ரோசன பண்ணிகினே இருந்துட்டு, வாயத் தொறக்காம கம்பெனிய எடுத்துகினாரு. 'நாப்பத்திரண்டு லட்சம் அண்ணனை ஏமாத்திட்டேன்டி'ன்னு ஆஸ்பத்திரியில வெச்சுதான் எங்கிட்டயே சொன்னாரு. பாதிய எப்டியாச்சும் திருப்பிக் குடுத்துடுன்னு கையப் புடிச்சுகினாரு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அண்ணன் மொகத்துல முழிக்கவே இல்ல. பொங்கலுக்குப் போவல, தீவாளிக்குப் போவல. நானும் இன்னா கோவமோன்னு உட்டுட்டேன். கோவம் இல்ல மேடம். வெக்கம்."

பிரஸ் விற்பதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். ஒரு வாரம் கெஞ்சி வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பூங்காவனம் அக்காவிடம், அதாவது தசரதன் மனைவியிடம், மாமாவுக்குச் சேர வேண்டியதைக் கொண்டுவருகிறேன் என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

அந்த வாரம்தான் அவர்களுடைய வருமான வரிக் கணக்கைப் போட உட்கார்ந்தேன். முதல் லாபம், எனவே பழைய நஷ்டத்தை முதன்முதலாகக் கழிக்கப் போகிற வருஷம். கழிப்பதற்கு முன்னால் சில நிபந்தனைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே வந்தவள் பங்குதாரர் பட்டியலில் நின்றுவிட்டேன்.

சிலர் நஷ்டத்தில் கிடக்கிற கம்பெனியை மலிவாக வாங்கி, அதன் பழைய நஷ்டத்தைத் தங்கள் லாபத்தில் கழித்து வரியை ஏய்க்கப் பார்ப்பார்கள். அதைத் தடுக்க ஒரு விதி உண்டு. இந்த மாதிரிச் சொந்தக் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு கை மாறிவிட்டால், அதற்கு முன்னால் வந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. அத்தோடு அது போயிற்று. பிரிவினையின்போது தசரதன் தன் அறுபது பங்கையும் தம்பி பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். அறுபது என்பது பாதிக்கு மேல். இரண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதெல்லாம் விதிக்குத் தெரியாது.

விதிவிலக்கு இரண்டு இருக்கிறது. பங்குதாரர் இறந்து பங்கு மாறினால் நஷ்டம் நிற்கும். நெருங்கிய சொந்தத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாலும் நிற்கும், அண்ணன் தம்பி அதில் சேர்த்தி. அதைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அவர்களுடைய பிரிவினைப் பத்திரத்தை எடுத்தேன். எல்லாம் அச்சடித்தாற்போல் எழுதியிருந்தது. மேற்படி மனைகளைத் தாம் பெற்றுக்கொண்டதற்கு ஈடாகத் தமது பங்குகளைத் தம்பிக்குக் கொடுத்ததாகத் தசரதன் கையெழுத்துப் போட்டிருந்தார். மனையை வாங்கிக்கொண்டு பங்கைக் கொடுத்தால் அதை எந்த அதிகாரியும் அன்பளிப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார். எப்படித் திருப்பினாலும் அது மாற்றிக்கொண்டதுதான்.

ஆக, எந்த லைனைத் திருடிக்கொண்டோம் என்று சுப்பராயன் செத்தாரோ, அந்த லைன் அவர் கைக்கு வந்த வருஷமே செத்துப்போயிருந்தது. பழைய ஆடிட்டர் கண்ணில் அது படவில்லை, பேலன்ஸ் ஷீட்டில் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது அதை மொத்தமாக நீக்கிவிட்டு, இந்த வருஷ லாபத்துக்கு முழு வரியையும் கட்டச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே செருப்புக்கடையில் யாரோ ஒரு பெண் பிள்ளைக்கு ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரில்தான் சொல்ல வேண்டும் என்று எஸ்டேட்டுக்குப் போனேன். சரசாம்மா அந்த இரண்டு பிரஸ்ஸுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணெய்ச் சிட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தில் பேச முடியாமல் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே அழைத்துப்போனார். அங்கே வைத்துச் சொன்னேன்.

பிரஸ்ஸை விற்க வேண்டாம் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். என்ன அறிவோ எனக்கு. அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஒன்னுமே இல்லியா?"

"இல்லக்கா. பத்திரம் எழுதின வருஷத்துலேருந்தே இல்ல."

"இல்லாததுக்கா அந்த மனுசன் அண்ணன் ஊட்டு வாசல மிதிக்காமப் பூட்டாரு?" என்று கேட்டார். என்னிடம் கேட்டது போலவே இல்லை. "இல்லாததுக்கா?"

அழட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார்.

"மாமாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க மேடம். குடுக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டு, இப்ப நான் போயி ஒன்னும் இல்லன்னா, நானும் ஏமாத்தறேன்னு நெனச்சுப்பாரு. எங்க ஊட்டுக்காரரு பேரு இன்னும் கெட்டுப்பூடும்."

ஆடிட்டர் வேலையில் இதெல்லாம் சேர்த்தி இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சரசாம்மாவோடு பட்டாபிராமில் ரயிலேறினேன். வேப்பம்பட்டில் இறங்கியதும் அவர் பிளாட்பாரத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று நடக்க ஆரம்பித்தார்.

தசரதனின் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். பிரிவினையில் கிடைத்த மனைகளில் ஒன்றில் கட்டியிருந்தார். பக்கத்து மனை காலியாகக் கிடந்தது, ஒரு முருங்கையும் மிஞ்சிய செங்கல் குவியலும் இருந்தன. கைலியும் பனியனுமாக வாசலுக்கு வந்தார். நல்ல உயரம். இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றிருந்தது, பிரஸ் ஷாப் ஆட்களிடம் அது சாதாரணம். பூங்காவனம்மா உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சரசாம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா சரசா, எனக்குச் சேர வேண்டியது கொண்டாரேன்னு சொல்லி அனுப்புனியாமே. எனக்கு இன்னா சேரணும்?" என்றார் தசரதன். குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது.

சரசாம்மா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அவரு ஆஸ்பத்திரியில சொன்னாரு மாமா. பங்கு பிரிக்கறச்சே டாக்ஸ் சொத்துன்னு ஒன்னை நீங்க பாக்காம உட்டுட்டீங்களாம். இவரு பாத்துட்டும் சொல்லாம எடுத்துகினாராம். அதான் உங்க மொகத்தைப் பாக்க வெக்கப்பட்டுகினு வராம இருந்துட்டாரு. பாதிய உங்களுக்குக் குடுத்துடச் சொன்னாரு."

தசரதன் மோர் டம்ளரை எடுத்தவர் குடிக்காமல் கீழே வைத்தார்.

"யாரு பாக்காம உட்டது?"

சரசாம்மா இன்னும் குனிந்துகொண்டார்.

"நானா பாக்காம உட்டேன்? அந்த பேலன்ஸ் ஷீட்டை ராவும் பகலும் வெச்சுகினு படிச்சவன் நானு. கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து அதைப் படிக்கறவன். எனக்கா கண்ணு தெரியல?" அவர் மனைவி பக்கம் திரும்பினார். "சொல்லேன், பூங்காவனம். அன்னிக்கு இன்னா சொன்னேன் உங்கிட்ட?"

பூங்காவனம்மா சொன்னார். "தம்பிக்கு ஒடம்பு சரியில்ல, பொண்ணு வேற காலேஜ் படிக்குது, அந்த லைனை எண்ணாம உட்டுர்றேன், அவன் கம்பெனிய எடுத்தா அது அவனோட போவட்டும்னு சொன்னாரு."

"மொதல்ல நேராவே கேட்டேன் மேடம்," என்றார் தசரதன் என்னிடம். "கம்பெனிய நீயே வெச்சுக்கடா, சும்மாவே வெச்சுக்கோ, மனைய அப்பால பாத்துக்கலாம்னேன். ஒத்துக்கல. 'நான் உன் தம்பி, பிச்சைக்காரன் இல்ல. பங்குன்னா பங்கு பிரி, எடுத்துக்கறேன்'னு மூஞ்சியத் திருப்பிகினான். அவன் எடுத்துக்கறதுக்குன்னுதான் அப்டி பிரிச்சேன். எடுத்துகினான். அப்பாலதான் ஊட்டுப் பக்கமே வரல. பெரிய பங்கு கையில வந்ததும் அண்ணன் தேவையில்லாமப் பூட்டான், பணம்னா இப்டித்தான்னு நானும் வைராக்கியமா இருந்துட்டேன். ஒடம்பு முடியலன்னு சொன்னப்பகூட, அவனே கூப்புடட்டும்னு…"

அவர் தம்பியைக் கடைசியாகப் பார்த்தது சுடுகாட்டில் என்று சரசாம்மா எனக்கு ரயிலிலேயே சொல்லியிருந்தார்.

"உங்க ஊட்டு கிரகப்பிரவேசத்துக்கு அவரும் வந்தாரு மாமா," என்றார் சரசாம்மா.

தசரதன் நிமிர்ந்தார்.

"ரெண்டு பேருமாத்தான் ரயில்ல வந்தோம். ஸ்டேஷன்ல எறங்கனதும், நீ போயிட்டு வா, நான் இங்க குந்திகினு இருக்கேன்னுட்டாரு. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. அக்கா அவருக்குன்னு எலைச் சாப்பாடு கட்டிக் குடுத்தாங்களே, அதை அந்த பெஞ்சிலயே பிரிச்சு வெச்சுத் துன்னாரு. 'அண்ணன் ஊட்டு வடை'ன்னு எனக்கு ஒன்னு குடுத்தாரு."

பூங்காவனம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்கு அந்த நிமிஷத்தில் எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது, ஏனென்றால் இன்னும் நான் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

"அந்தப் பாதி எனக்கு வாணாம் சரசா," என்றார் தசரதன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மொத்தமும் அவனுக்குக் குடுத்ததுதான். அது உன்னோடது, உன் பொண்ணோடது. அதாச்சும் கீதே."

சரசாம்மா என்னைப் பார்த்தார்.

"ஐயா," என்றேன், "அந்தச் சொத்து இப்ப இல்லை."

பாதிக்கு மேல் பங்கு கை மாறினால் பழைய நஷ்டம் உதவாது என்பதைச் சொன்னேன். இந்த வருஷக் கணக்கில் அதை முழுக்க நீக்குகிறேன் என்றும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கம்பெனி நடத்தியவர், விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

"நான் கையெழுத்து போட்டதுல பூட்சா?"

"ஆமாம் ஐயா."

"வேற எப்டி பண்ணியிருந்தா நின்னுருக்கும்?"

இந்தக் கேள்வி வரக் கூடாது என்று ரயிலில் வரும்போதே வேண்டிக்கொண்டிருந்தேன். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். வழியே இல்லை, எப்படிச் செய்திருந்தாலும் போயிருக்கும் என்று சொல்லிவிடலாம், அவரும் நம்பியிருப்பார். வாய் வரவில்லை. இல்லாததை இருக்கிறது என்றும் இருப்பதை இல்லை என்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

"சும்மா குடுத்திருந்தா நின்னிருக்கும் ஐயா. சொந்தத்துக்கு அன்பளிப்பா எழுதிக் குடுத்தா சட்டம் ஒத்துக்கும். மனைக்கு ஈடா குடுத்ததா எழுதினதாலதான் போயிடுச்சு."

அவர் வெகுநேரம் தன் பாதி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா குடுத்தா நிக்கும்னு சட்டத்துலயே எழுதிக்கீதா?"

"இருக்கு ஐயா."

"அத்தைத்தானேம்மா நானு மொதல்ல சொன்னேன்," என்றார். அவ்வளவு பெரிய ஆள் சின்னப் பிள்ளை மாதிரி உதடு பிதுங்கி அழுதார். "சும்மா வெச்சுக்கடான்னுதானே சொன்னேன். கேட்டானா? இப்ப பாரு. சரிபாதிய எடுத்துகினு, ஜாஸ்தியா எடுத்துட்டோம்னு மொகத்தை மறைச்சுகினே பூட்டான். நான் ஜாஸ்தியாக் குடுக்க நெனச்சது அவனுக்குப் போயிச் சேரவே இல்ல. அதுவும் அவனுக்குத் தெரியாமப் பூடுச்சு."

யாரும் அவரைத் தேற்றவில்லை. தேற்ற என்ன இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் சொன்னது அத்தனையும் சரி.

பிறகு அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பக்கத்து மனையைக் காட்டினார். "அந்த மனைய உன் பேருக்கு எழுதிடறேன் சரசா. நான் தொலைச்ச அந்த லைனுக்கு ஈடாப் பூடும்."

சரசாம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். இரண்டு பிரஸ்ஸை விற்றாவது கடன் வைக்காமல் இருக்கப் பார்த்த மனுஷி. புருஷனுக்குத் தப்பாத ரோஷம். அவர் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து மாமாவுக்கு எதிரே போய் நின்றார்.

"ஈடு கட்றதுக்குன்னா வாணாம் மாமா. சும்மா குடுங்க. வாங்கிக்கறேன்."

தசரதன் அவரையே பார்த்தார். "இந்த ஒரு வார்த்தைய அவன் அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே சரசா," என்றார்.

"சொல்லியிருக்கலாம் மாமா. சொல்லத் தெரியாத மனுசன்."

பூங்காவனம்மா எல்லாருக்கும் சாதம் போட எழுந்துபோனார். தசரதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், இந்த வாட்டி தப்பு பண்ணக் கூடாது. எப்டி எழுதணும்னு நீங்களே சொல்லுங்க."

எழுதுவதற்கு முன்னால் என்னைக் கேட்ட முதல் ஆள் அவர். என் பையில் இருந்த ஒரு பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் மாதிரி எழுதிக் காட்டினேன். தசரதன் ஆகிய நான், எவ்விதப் பிரதிபலனும் இல்லாமல், அன்பின் பேரில், அன்பளிப்பாக எழுதிக் கொடுப்பது என்று வாசித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"அவன் பேரு எங்கனாச்சும் வருமா?"

"வரும் ஐயா. வாங்கறவங்க பேர்ல வரும்." அந்த இடத்தில் விரலை வைத்து வாசித்தேன். "காலஞ்சென்ற சுப்பராயன் அவர்களின் மனைவி சரசா."

அவர் காகிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை, கண்ணாடியும் போடவில்லை. அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. பாதி விரலால் தம்பி பெயருக்கு முன்னால் இருந்த 'காலஞ்சென்ற' என்ற வார்த்தையைத் தொட்டு, "இத்தை எடுத்துட முடியாதா மேடம்?" என்று கேட்டார்.

"முடியாது ஐயா," என்றேன்.